மஞ்சள் என்றால் புறம்போக்கு

வரைபடத்தில் மஞ்சள் என்றால் புறம்போக்கு.
சேர்ந்த அன்றே சொல்லிக் கொடுத்தார்கள்.
வெள்ளை, பட்டா நிலம். கால் வைத்தால் வழக்கு.
மஞ்சளில் யாரும் நடக்கலாம்,
கூடாரம் அடித்துப் பதினான்கு நாள் தூங்கலாம்,
சீட்டு இருந்தால் சுடலாம்.

காமராஜர் சாலையில் டயர் கடைக்கு மேலே
இரண்டாம் மாடி. இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு.
நானும் அந்துவானும் இன்னும் நாலு பேரும்
பார்க்காத தேசத்தில்
பார்க்காத மானுக்கு வழி எழுதுகிறோம்.

இன்றைக்கு டேல். ஒஹையோ. வயது அறுபத்தொன்று.
இடது முட்டியில் அறுவை.
பதினெட்டு வருடம் குலுக்கலில் பெயர் போட்டு
இந்த வருடம் விழுந்திருக்கிறது:
கவைக்கொம்பு மான், கிடா, ஒன்று.
பதினெட்டு வருடம்.
எங்கள் தெருவில் மனைப்பட்டாவுக்கு மனு கொடுத்தவர்களுக்கும்
கிட்டத்தட்ட அவ்வளவுதான் ஆகிறது.

ஆறாயிரம் அடி உயரத்தில் ஒரு வறண்ட காடு.
காடு என்று சொல்ல அதில் மரம் இல்லை.
முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் புதர்,
நம் மரிக்கொழுந்துக்கு ஒன்றுவிட்ட உறவாம்.
தெரிந்த நாளிலிருந்து
கதம்பம் விற்கிறவளைத் தாண்டும்போதெல்லாம்
எனக்கு அந்தப் பாலை மணக்கிறது.

ரயில் போட்ட காலத்தில்
கட்டம் கட்டமாய்ப் பிரித்துவிட்டார்கள்,
ஒன்று பட்டா, ஒன்று மஞ்சள்.
மஞ்சளும் மஞ்சளும் மூலையில் தொடும் இடம்
ஒரே ஒரு புள்ளி.
அதில் காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாலும்
தோள் பட்டா நிலத்துக் காற்றில் நுழைந்துவிடுகிறதாம்.
கோர்ட்டு வரைக்கும் போயிருக்கிறார்கள்.
‘காத்துக்குமா பட்டா?’ என்றான் அந்துவான்.
டேலுக்குச் சுற்றுவழி போட்டேன். நாலு மைல் கூடுதல்.

ஐஸ் கணக்கு மட்டும் என் பொறுப்பு.
அண்ணன் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் லோடு ஏற்றுகிறவன்.
அடியில் கட்டி, மேலே தூள்,
உருகிய தண்ணீர் வடிய ஓட்டை திறந்திருக்கட்டும்.
இறைச்சியோ வஞ்சிரமோ,
வெயிலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பிறகு தண்ணீர்.
செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கினால்
காற்றாடி பம்பு ஒன்று, அதன் காலடியில்
நாம் குட்டை என்றுகூடக் கூப்பிடமாட்டாத ஈரம்.
எட்டுத் திசையிலிருந்தும்
நூல் நூலாய்த் தடங்கள் அங்கே வந்து முடிகின்றன.
தேடி அலைய வேண்டாம், எழுதினேன்.
விடியலுக்கு முன்னால் போய் உட்காரவும்.
காற்று உங்கள் முகத்தில் அடிக்க வேண்டும்.
தாகம் அதைக் கொண்டுவரும்.

மேற்கே இன்னொரு ஈரம் இருந்தது, சின்னது.
குறிக்கவில்லை.
கேட்டால் முட்டிக்குத் தூரம் என்று சொல்லலாம்.

மூன்று மணிக்கு, டீக்கு எல்லோரும் எழுந்தபோது
அதே படத்தை இந்தப் பக்கம் உருட்டினேன்.
கடல் வந்தது, துறைமுகம் வந்தது,
உப்பனாற்றின் கறுப்புக் கோடு,
அதன் ஓரத்தில் நகம் அளவுக்கு
ஒரு நீலத் தார்ப்பாய்.
எங்கள் கூரை.
அதன்மேல் மஞ்சளும் இல்லை, வெள்ளையும் இல்லை.
கதவில் ஒட்டிய நோட்டீஸில்தான் பெயர் இருக்கிறது:
நீர்வழிப் புறம்போக்கு, ஆக்கிரமிப்பாளர் பூங்காவனம்.
என் மாமியார்.
பதினைந்து நாள் கொடுத்திருக்கிறார்கள்.
டேலுக்கு விட ஒரு நாள் கூடுதல்.

காலையில் ஸ்கூட்டியை நிறுத்தும்போது
குழாயடியில் குடங்கள் வந்து சேர்ந்திருந்தன,
சந்து சந்தாய், எட்டுத் திசையிலிருந்தும்.
பாலத்தடியில் ஜீப்.
டேப்பும் கம்பமுமாய் மூன்று பேர்,
தண்ணீர் வரும் நேரம் தெரிந்து
முன்னாடியே வந்து நிற்கிறார்கள்.

பச்சைக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு
காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தேன்.